பரீட்சை அறைக்குள் வந்த சொந்தக்காரர்கள்

ஊரப்பாக்கத்தில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் சிட்டிபாபுவின் கடைக்கு ஒரு போன் வரும். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், ஃபோகஸ் லைட் எல்லாம் அவனிடம் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமா சாவா என்று அவன் நேராகக் கேட்க மாட்டான். "சீரியல் லைட் வேணுமா?" என்று கேட்பான். வேண்டாம் என்று பதில் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்ற விவரங்களை விசாரிப்பான்.

பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் வேலையில் படு சுத்தம். கடையில் இருக்கும் ஒவ்வொரு கரண்டியிலும் அவன் பெயரின் முதல் எழுத்து பெயின்டில் இருக்கும். பந்தலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினால், கீழே நின்று அண்ணாந்து பார்த்து, மறுபடி ஏறி அதே முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். இத்தனை கவனமான மனிதனால்தான் தங்கை தமிழினியின் எம்பிஏ பரீட்சை நடுவில் நின்று போனது என்றால், தெருவில் இன்றைக்கும் நம்பாதவர்கள் உண்டு.

தமிழினி ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஷிப்ட் இன்சார்ஜ். பி.காம் முடித்துவிட்டு கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலைக்குச் சேர்ந்தவள், படிப்படியாக அங்கே வந்து சேர்ந்தாள். அதற்கு மேலே இருந்த மேனேஜர் நாற்காலிதான் அவளுக்கு எட்டவில்லை. அந்த நாற்காலி காலியாகும் போதெல்லாம் வெளியிலிருந்து ஒரு எம்பிஏ வருவார். எந்த லாரி எந்த வாசலுக்கு வரும் என்பதை அவருக்குத் தமிழினி கற்றுக்கொடுப்பாள். கற்று முடித்ததும் அவர் வேறு நல்ல கம்பெனிக்குப் போய்விடுவார். பிறகு அடுத்த எம்பிஏ வருவார்.

மூன்றாவது ஆள் போனபோது மனிதவளத் துறை பத்ரிநாராயணன் அவளைக் கூப்பிட்டு, "முதுகலைப் பட்டம் இல்லாம என்னால மேல எழுத முடியாதும்மா. ஆன்லைன்லயாவது ஒரு எம்பிஏ பண்ணுங்களேன்" என்றார். அன்று மாலையே அவள் சேர்ந்துவிட்டாள்.

அதன்பின் வீடு மாறிப்போனது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் பாடம். சமையலறையில் அண்ணி எல்லம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொடுத்துக்கொண்டே பாடம். சிட்டிபாபுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பந்தல் கேட்டு வருகிறவர்களிடம் வாடகையைச் சொல்வதற்கு முன்னால், "தங்கச்சி எம்பிஏ பண்ணிகினு கீது" என்று சொல்லிவிடுவான்.

தமிழினி தன் ப்ராஜெக்ட்டுக்கு அண்ணனின் கடையையே எடுத்துக்கொண்டாள். அதில் நல்ல மார்க் வந்தது. கடையின் குறைகள் என்ற தலைப்பில், 'தொலைந்துபோன கரண்டியைத் தேடுவதில் உரிமையாளர் அளவுக்கு மீறி நேரம் செலவிடுகிறார்' என்று எழுதியிருந்தாள். அந்த வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதையும் சேர்த்தே ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தான் சிட்டிபாபு.

தெருமுனை சவுரிமுத்து மட்டும் மசியவில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"காலேஜ் எங்க கீதுன்னே தெரியாத படிப்பு ஒரு படிப்பாடா? எல்லாம் ஆன்லைனா? அப்ப சம்பளமும் ஆன்லைன்லயே குடுத்துடுவானா?"

"சம்பளம் ஆன்லைன்லதாண்ணா வருது. உங்க பென்ஷன் மாரி."

சவுரிமுத்து பென்ஷன் வந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தார்.

கடைசிப் பரீட்சை ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கிடங்கில் நான்காவது எம்பிஏவும் போய், மேனேஜர் நாற்காலி மறுபடி காலி. "டிசம்பர்ல ஆள் எடுக்கறோம். அதுக்குள்ள ரிசல்ட் வந்துடணும். வரலைன்னா வெளியிலிருந்துதான்" என்று பத்ரிநாராயணன் சொல்லியிருந்தார். ஐந்தாவதாக ஒருவருக்கு லாரி வாசலைக் காட்டிக்கொடுக்கத் தமிழினிக்குத் தெம்பு இல்லை.

பரீட்சை வீட்டிலேயேதான். ஆனால் விதிகள் கடுமை. லேப்டாப் கேமரா திறந்தே இருக்க வேண்டும்; எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மேற்பார்வையாளரும் ஒரு மென்பொருளும் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறையில் வேறு ஆள் கூடாது. போன் கூடாது. பேச்சுச் சத்தம் கூடாது. முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும். தமிழினி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பெரிய இடத்துக் கல்யாண ஆர்டர் எடுக்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நீ படி பாப்பா. மத்தது அண்ணன் பாத்துக்கறேன்."

வெறும் சுவருக்குத்தான் வழியில்லை. நெட் ஒழுங்காகக் கிடைப்பது முன்னறையில் மட்டும். அங்கே ஒரு சுவரில் சாமிப் படங்கள், ஒரு சுவரில் ஷோகேஸ், ஒரு சுவரில் பிளக் பாயின்டும் மேஜையும். மேஜையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்த ஜன்னல். தெருவில் போகிறவன் எல்லாம் கேமராவில் விழுவான்.

"பெட்ஷீட் கட்டேன்" என்றாள் எல்லம்மா.

வீட்டில் இருந்த எல்லா பெட்ஷீட்டிலும் பூ. ஒன்றில் புலி. கடையில் இருந்த பந்தல் துணி எல்லாம் மஞ்சளும் சிவப்பும் ஜரிகையும். சிட்டிபாபுவின் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பார்த்தார்கள். தெரு அப்படியே தெரிந்தது. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த பேனரின் நினைவு வந்தது அவனுக்கு. போன வருடம் மகள் தீபாவின் காதணி விழாவுக்கு அடித்தது. விழா முடிந்ததும் மழைக்கு வண்டியை மூட எடுத்து வைத்திருந்தான். பின்பக்கம் சுத்த வெள்ளை. ஒரு சுருக்கம் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே அதை ஜன்னலுக்கு மேல் ஆணி அடித்து, அச்சடித்த பக்கம் தெருவுக்கும் வெள்ளைப் பக்கம் அறைக்குமாகக் கட்டினான். நான்கு மூலையிலும் பந்தல் முடிச்சு. லேப்டாப் கேமராவில் பார்த்தான். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது. நாற்காலியில் தான் உட்கார்ந்து பார்த்தான், எல்லம்மாவை உட்கார வைத்துப் பார்த்தான், எழுந்து போய் முடிச்சுகளை இழுத்துப் பார்த்தான். எல்லாம் பக்கா. ஆனால் பரீட்சை மதியத்தில். ஜன்னல் மேற்கு. அதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று மழை விட்டு, கழுவிவிட்ட மாதிரி வெயில் அடித்தது. தமிழினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிட்டிபாபு காலிங் பெல்லில் இருந்து பேட்டரியைக் கழற்றினான். குக்கருக்கு லீவு விட்டான். மேல்வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு சினிமாவுக்கு அனுப்பி வைத்தான். தெருவில் வண்டி வந்து ஹாரன் அடிக்காமல் இருக்க, கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் குறுக்கே போட்டு மறித்தான். வெயிலுக்காகச் சாலையோரமாக ஒரு சின்னப் பந்தலும் போட்டான். பாதை மறிக்கப்பட்டதைப் பற்றி யாராவது சத்தம் போட்டுவிடக் கூடாது என்று, வந்தவர்களிடம் எல்லாம் உதட்டில் விரல் வைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போனார்கள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தார்கள். ஏன் உட்காருகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

சிறிது நேரத்தில் சவுரிமுத்து வந்தார். கையில் பெரிய ரோஜா மாலை.

"நேத்திகூட நல்லாத்தானடா பேசிகினு இருந்தாங்க உங்கம்மா" என்று சிட்டிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப எடுக்கறீங்க?"

"எத எடுக்கறோம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா கிளியம்மாள் சந்திலிருந்து துவைத்த துணியோடு வந்தாள்.

"இன்னா சவுரி, மாலையெல்லாம் எடுத்துகினு? உனக்கின்னா கல்யாணமா?"

சவுரிமுத்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நாற்காலியில் இருந்த இருவரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

"வூட்டு முன்னாடி சேரு, பந்தலு, ஒருத்தரும் பேச மாட்டறீங்க, சீரியல் லைட்டும் காணோம்... வேற இன்னான்னு நெனைக்கறது?" என்றார் சவுரிமுத்து, கோபத்தோடு.

"பரீட்சைண்ணா, பரீட்சை! மெதுவா பேசு!"

"பரீட்சைக்கு எவன்டா பந்தல் போடுவான்?"

"எடுத்துகினு போடா அத்த" என்றாள் கிளியம்மாள், மாலையைக் காட்டி. "எனக்கு இன்னும் டைம் கீது."

அந்த நேரத்தில்தான் உள்ளே தமிழினியின் குரல் கேட்டது. சிட்டிபாபு ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தான்.

"நோ மேடம். நோபடி மேடம். ஐயம் அலோன்."

பிறகு லேப்டாப்பில் இருந்து ஒரு பெண்ணின் குரல், ஆங்கிலத்தில், கண்டிப்பாக. 'நோபடி' சிட்டிபாபுவுக்குப் புரிந்தது. யாரோ இருக்கிறார்கள் என்று அந்தம்மாள் சொல்கிறாள். இல்லை என்று தங்கை சொல்கிறாள். உள்ளே போய்ச் சாட்சி சொல்லலாம் என்று கைப்பிடியைத் தொட்டான். தான் உள்ளே போனால் 'யாரோ' இருப்பது உண்மையாகிவிடும் என்று தோன்றியதும் சூடு பட்டது போலக் கையை எடுத்தான். ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கத் தெருவுக்கு ஓடினான்.

ஜன்னலில் முழு வெயில். பேனரில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தகதகவென்று மின்னினார்கள். மாமனார், சித்தப்பா குடும்பம், ஓரத்தில் தீபா, மேலே ஓவல் வட்டத்துக்குள் செத்துப்போன அப்பா, நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு, காதில் போன் வைத்தபடி சிட்டிபாபு. வெளிச்சம் அவர்களை ஊடுருவி உள்ளே போய்க்கொண்டிருந்தது. காலையில் வெள்ளையாக இருந்த சுவரில் இப்போது குடும்பமே வந்து தங்கையின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

உறைத்ததும், பந்தல் துணி ஒன்றை உருவி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வெயிலை மறைக்க ஜன்னலோடு ஒட்டி நின்றான். மாமனார் மறைந்தார். சித்தப்பாவை மறைக்க இடது பக்கம் நகர்ந்தான். மாமனார் திரும்ப வந்தார். வலது பக்கம் ஓடினான்.

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. பிறகு ஓய்ந்தது.

கதவைத் திறந்துகொண்டு தமிழினி வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ரூம்ல நிறைய பேர் இருக்காங்களாம். எல்லாரையும் வெளிய அனுப்புன்னாங்க அந்த மேடம். உன் மாமனாரை நான் எப்படி அனுப்பறது? ஒருத்தர் போன்ல எனக்கு விடை சொல்லிட்டே இருக்காராம். அதுவும் போட்டோதான்னு சொல்லிட்டு இருக்கும்போதே, ஒரு ஆள் நடக்க ஆரம்பிச்சுட்டான்னு நிறுத்திட்டாங்க."

"அது நான்தான் பாப்பா" என்றான் சிட்டிபாபு. பந்தல் துணி இன்னும் கையிலேயே இருந்தது.

ஒரு கேள்வி மட்டும்தான் பாக்கி இருந்ததாம். ஆனால் விடைத்தாளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியாமல் ரிசல்ட் வராது. முறைகேடு என்று முடிவானால் அடுத்த வருடம்தான் எழுத முடியும். டிசம்பர் போய்விடும். அன்று இரவு சிட்டிபாபு சாப்பிடவில்லை.

மறுநாள் பேனர் அடித்துக்கொடுத்த வெற்றிவேலின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டான்.

"பின்னாடி எப்பிட்றா தெரியும்?"

"சாதா ஃபிளெக்ஸ்ணா அது. வெளிச்சம் பட்டா தெரியும். பின்னாடி கறுப்பு வெச்சது ஒன்னு கீது, அது தெரியாது. காதணிக்குன்னு சொன்ன. பரீட்சைக்குன்னு சொல்லவே இல்லயே."

சிட்டிபாபு வண்டியைத் திருப்பினான்.

விசாரணை வியாழக்கிழமை, வீடியோ காலில். திரையில் இரண்டு பேர்: வழுக்கைத் தலையோடு பேராசிரியர் யக்ஞநாராயணன், பக்கத்துக் கட்டத்தில் தேர்வுப் பிரிவைச் சேர்ந்த ஜெரூஷா. இருவரும் தமிழ் பேசினார்கள் என்பதே சிட்டிபாபுவுக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்றான்.

"போட்டோ என்கிறீர்கள். வெயிலில் தெரிந்தது என்கிறீர்கள். சரி, அதே இடத்தில் கட்டிக் காட்டுங்கள்" என்றார் பேராசிரியர்.

பேனர் கட்டித்தான் இருந்தது. அதே முடிச்சு. ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வானம் அடுப்புக்கரி. தமிழினிக்குப் பின்னால் தும்பைப் பூவாக ஒரு வெள்ளைச் சுவர்.

"ஒருவரும் தெரியவில்லையே" என்றார் பேராசிரியர்.

தமிழினி அண்ணனைப் பார்த்தாள்.

"வெயிலு இல்ல சார். லைட்டு கீது. ரெண்டு நிமிசம் குடுங்க" என்று சொல்லிவிட்டு சிட்டிபாபு வெளியே பாய்ந்தான். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்கும் பெரிய ஃபோகஸ் லைட்டை ஸ்டாண்டோடு ஜன்னலுக்கு எதிரே தெருவில் நிறுத்தினான். எல்லம்மா ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள, கிளியம்மாள் லைட்டுக்குக் குடை பிடித்தாள். அந்த வழியாக வந்த சவுரிமுத்து நின்று பார்த்தார்.

"இப்ப இன்னாடா?"

"பரீட்சைதாண்ணா. இன்னும் முடியல."

அவர் தன் குடையையும் நீட்டி, எல்லம்மாவுக்குப் பிடித்தார்.

லைட் எரிந்தது. உள்ளே, தமிழினியின் முதுகுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"அட!" என்றாள் ஜெரூஷா.

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்த போன் பேசுகிறவர் யார்?"

"எங்க அண்ணன் சார். இதோ." ஈரத்தோடு ஓடிவந்த சிட்டிபாபு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான்.

பேராசிரியர் அவனையும் பேனரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது நீங்களா? அவர் நல்ல சிவப்பாக இருக்கிறாரே."

"அது வெற்றிவேல் பண்ண வேலை சார்."

"ஒல்லியாகவும் இருக்கிறார்."

"அதுவும் வெற்றிவேல்தான் சார்."

சந்தேகம் தீரவில்லை என்று தெரிந்ததும், சிட்டிபாபு பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டி, காதில் போனை வைத்து, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மழைத் தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டியது.

"அவர் இடது காதில் வைத்திருக்கிறார்" என்றார் பேராசிரியர்.

"நீங்க பின்பக்கத்திலிருந்து பாக்கறீங்க சார், மாறித் தெரியுது" என்றவன், எதற்கும் இருக்கட்டும் என்று போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டான்.

ஜெரூஷா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "போன்ல யார்கூட பேசிட்டு இருந்தீங்க?"

"யார்கூடயும் இல்ல மேடம். சும்மா காதுல வெச்சா ஒரு கெத்து."

"கெத்து என்றால்?" என்று பேராசிரியர் கேட்க, ஜெரூஷா ஏதோ விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு முகம் மறுபடி இறுகியது.

"அசைந்த நபர் யார்?"

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றினான். "அதுவும் நான்தான் சார். வெளிய நின்னு வெயில மறைச்சேன்."

"ஆக, பரீட்சையின்போது அவருக்கு உதவ வந்தீர்கள்."

"உதவத்தான் சார் வந்தேன். ஆனா பாடத்துல இல்ல. பத்தாவதுல கணக்கே நான் தத்தித் தாவித்தான் பாஸு. நான் விடை சொல்லியிருந்தா, அதப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பேராசிரியர் குனிந்து எதையோ படித்தார். அது தமிழினியின் விடைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

"மேலே வட்டத்துக்குள் இருப்பவர்? அவரும் வீட்டில் இருந்தாரா?"

"எங்க அப்பா சார்" என்றாள் தமிழினி. "நான் ஸ்கூல் படிக்கும்போதே போயிட்டார். அவர் இருந்திருந்தா, உங்ககிட்ட சொல்லிட்டு நானே உட்கார வெச்சிருப்பேன்."

பேராசிரியர் விடைத்தாளை மூடினார். நிறுத்தும் வரை எழுதியதைத் திருத்துவார்கள், விடுபட்ட கேள்விக்கு மார்க் கிடையாது, முறைகேடு என்ற பேச்சு இல்லை என்றார். அழைப்பை முடிக்கும் முன், "அந்த லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், பேனரில் குடை நிழல் தெரிகிறது, யாரோ மழையில் நிற்கிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ரிசல்ட் வந்தது. ஒரு கேள்வியை விட்டும் முதல் வகுப்பு. பத்ரிநாராயணன் தானே போன் செய்து, மேனேஜர் நாற்காலி அவளுக்கு என்றார். அந்தச் செய்தியைக் கேட்ட அரை மணியில் சிட்டிபாபு வெற்றிவேலின் கடையில் இருந்தான்.

தமிழினி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: அவள் முகம் மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு ஒரு தலைகூடக் கூடாது. வெற்றிவேல் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து காட்டினான். பெரிய பேனர், நடுவில் ஒரே ஒரு முகம், கீழே பெயர். இருவரும் பார்த்தார்கள்.

"அண்ணா... கண்ணீர் அஞ்சலி மாரி கீதுண்ணா" என்றான் வெற்றிவேல்.

அப்படித்தான் இருந்தது. இதைக் கட்டினால் சவுரிமுத்து மாலையோடு வந்துவிடுவார். சிட்டிபாபு தங்கைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, எல்லாரையும் போடச் சொல்லு. பரீட்சைக்கே வந்தவங்கதானே" என்றாள் தமிழினி. "அப்பாவைக் கொஞ்சம் பெருசா."

வெற்றிவேல் பழைய படங்களை எடுத்து வரிசையாக அடுக்கினான். சிட்டிபாபுவின் படத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தபோது அவன் தடுத்தான்.

"என் கையில போன் வேணாம். எடுத்துடு."

"ஏன்ணா? போன்தானே கெத்து."

"எடுறான்னா. அப்பிடியே அந்தப் பின்னாடி கறுப்பு வெச்ச துணியிலயே அடி."

"வாசல்ல கட்றதுக்கு எதுக்குண்ணா அது? காசு ஜாஸ்தி. இனிமே யாரு பின்னாடி வந்து பாக்கப் போறாங்க?"

சிட்டிபாபு திரையில் இருந்த தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கின்னா தெரியும்? அது பிஎச்டி பண்ணாலும் பண்ணும்."